'இனிமே இவரை யாரு பாத்துக்குவாங்க?' - ஒரு தப்பான கேள்வி

நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவருக்குப் பார்வை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் இருக்கலாம், கிளாக்கோமாவாக இருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். ஹாலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவரிடம் பேசாமல் அவர் மனைவியிடம் பேசுவார்கள். "பாவம், எப்படி இருந்த மனுஷன்!" என்று ஆரம்பிக்கும். காபி முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "இனிமே இவரை யாரு பாத்துக்குவாங்க?"

அவருக்குப் போனது கண் மட்டும்தான். காது நன்றாகவே கேட்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி ஒரு மனிதரின் மிச்ச வாழ்க்கையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் 'பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்', அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. ஒன்று, இவருக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? இரண்டாவது, கற்றுக்கொண்ட பிறகு இவர் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்?

முதல் கேள்வியையாவது சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பார்வை இழந்தவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், பெரிய மாற்றங்கள் பல அந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் வந்திருக்கின்றன. வெறும் தத்துவமாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒரு கதை. லண்டனில் ஆரம்பித்து நம் தமிழ் எழுத்து வரைக்கும் வருகிற உண்மைக் கதை.

பத்திரிகை முதலாளி கொடுத்த கடிகாரம்

ஆர்தர் பியர்சன் என்று ஓர் ஆங்கிலேயர். ஒரு வாரப் பத்திரிகை நடத்திய போட்டியில் ஜெயித்து, அதற்குப் பரிசாக அந்தப் பத்திரிகையிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு 1890-ல் சொந்தமாக ஒரு வார இதழ், 1900-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் என்று வளர்ந்தார். வணிகவியல் மாணவர்கள் கேஸ் ஸ்டடியாகப் படிக்க வேண்டிய ஆள். இந்தச் சமயத்தில்தான் கிளாக்கோமா வந்தது. 1908-ல் செய்த அறுவை சிகிச்சையும் பலன் தரவில்லை. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முழுவதும் போய்விட்டது. பத்திரிகைகளை விற்றுவிட்டு வெளியேறினார்.

பணக்காரர்தானே, பங்களாவில் உட்கார்ந்து காலத்தைத் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பார்வையற்றோருக்கான தேசிய அமைப்பில் சேர்ந்து 1914-ல் அதன் தலைவரானார். அதே வருடம் முதல் உலகப் போர் வெடித்தது. ஷெல், விஷ வாயு என்று கண்ணைப் பறிகொடுத்த இருபது வயதுப் பையன்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். 1915-ல் அவர்களுக்காக ஒரு விடுதியைத் திறந்தார் பியர்சன். சில வாரங்களிலேயே இடம் போதவில்லை. அப்போது ஆட்டோ கான் என்ற அமெரிக்க வங்கியாளர், ரீஜன்ட்ஸ் பார்க்கில் பெரிய தோட்டத்துடன் இருந்த தன் வீட்டைக் கொடுத்து உதவினார். அந்த வீட்டின் பெயர் செயின்ட் டன்ஸ்டன்ஸ். அமைப்புக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பியர்சன் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே போய் அந்த இளைஞர்களைப் பார்ப்பார். கையில் பழக்கூடை இருக்காது. தொட்டுப் பார்த்து மணி தெரிந்துகொள்ளும் பிரெய்ல் கடிகாரம் ஒன்றைக் கொடுப்பார்.

அதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திடீரென்று பார்வை போனவருக்குப் பகல் எது, இரவு எது என்றே தெரியாது. தூக்கம் கலைந்தால் விடிந்துவிட்டதா, நடு ராத்திரியா? யாரையாவது கேட்டால்தான் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பது? நாலாவது முறை கேட்கவே கூச்சமாகிவிடும். அந்த நேரத்தில் கையில் கடிகாரம் கிடைத்தால், அன்று முதல் ஒரு விஷயத்துக்காவது அடுத்தவரைக் கேட்க வேண்டியதில்லை. விடுதலை அவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பிக்கிறது. இது அவருக்கு எப்படித் தெரிந்தது? அவரும் அதே இருட்டில் விழித்துக்கொண்டு கிடந்தவர்தானே.

சொல்லிக்கொடுத்தவர்கள் யார்?

செயின்ட் டன்ஸ்டன்ஸில் பிரெய்ல், டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, டெலிபோன் ஆபரேட்டர் வேலை, மசாஜ் (இன்றைய பிசியோதெரபியின் முன்னோடி), செருப்புத் தைத்தல், கூடை முடைதல், பாய் பின்னுதல், தச்சு வேலை, கோழி வளர்ப்பு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கோழியை வெறும் கையால் தொட்டே அது எந்த ரகம் என்று சொல்லும் அளவுக்குப் பயிற்சி!

கற்றுக்கொடுத்ததை விட முக்கியமானது, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது. முடிந்த இடங்களிலெல்லாம் பார்வையற்றவர்களையே ஆசிரியர்களாக வைத்தார் பியர்சன். வேகமாகக் கற்றுக்கொண்ட சிப்பாய்கள் அங்கேயே தங்கி, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்று மாணவன், இன்று வாத்தியார்.

இதில் இரண்டு லாபம். கண் தெரிந்த ஒருவர் "இது ஒண்ணும் கஷ்டம் இல்ல தம்பி, பழகிடும்" என்று சொன்னால், கேட்பவன் மனதுக்குள் "உங்களுக்கென்ன சார் தெரியும்?" என்றுதான் நினைப்பான். அதையே ஆறு மாதம் முன்பு இதே மாதிரி நாற்காலியில் இடித்து விழுந்தவன் சொன்னால் மறுபேச்சே கிடையாது. இது கற்பவனுக்கு லாபம். இன்னொன்று கற்பிப்பவனுக்கு. பார்வை போன நாளிலிருந்து எல்லோரிடமும் உதவி வாங்கிக்கொண்டே இருந்தவன், முதல் முறையாக இன்னொருவனுக்குக் கொடுக்கிறான். அவன் கைப்பிடித்து ஒருவன் எழுந்து நிற்கிறான். எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் கிடைக்காத தெம்பு அது.

இங்கே ஒரு வணிகவியல் பாடமும் உண்டு. தொழில் கற்றுக்கொடுத்து, சர்டிபிகேட் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததா? நம் ஊரில் பல சுயதொழில் பயிற்சிகள் அத்தோடு முடிந்துவிடுகின்றன. பியர்சன் வியாபாரி. வீடு திரும்பிய சிப்பாய்களுக்காகத் தனியாகவே ஒரு பிரிவை வைத்தார். மூலப்பொருளை வாங்கி அனுப்புவது, செய்த பொருளின் தரத்தைச் சோதிப்பது, அதை விற்றுக்கொடுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. இரக்கப்பட்டு ஒருவர் ஒரு கூடை வாங்குவார். இரண்டாவது கூடையைத் தரம் இருந்தால்தான் வாங்குவார். இந்த உண்மை தெரிந்திருந்ததால்தான் அந்தத் திட்டம் நின்றது. திறமை மட்டும் இருந்து சந்தை இல்லாவிட்டால் அது மறுவாழ்வு ஆகாது, பொழுதுபோக்குதான்.

ஒரு விளக்கிலிருந்து இன்னொன்று

1921 டிசம்பரில், குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார் பியர்சன். ஒரு மனிதரை நம்பி நடக்கும் அமைப்பாக இருந்திருந்தால் அன்றோடு இழுத்து மூடியிருப்பார்கள். ஆனால் அவர் தன்னை மாதிரியே ஆட்களை உருவாக்கி வைத்திருந்தார்.

அவருக்குப் பிறகு தலைவரானவர் அயன் ஃப்ரேசர். 1916-ல் சோம் போர்முனையில் கண்ணை இழந்தபோது அவருக்கு வயது 18. செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்றவர். தலைவரானபோது வயது 24. கிட்டத்தட்ட நம் கல்லூரி சீனியர்களின் வயது! 1974-ல் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். நடுவில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

அவர் காலத்தில் ஒரு பிரச்சினை நன்றாகவே தெரிந்துபோயிருந்தது. சின்ன வயதில் பிரெய்ல் கற்றவர்கள் விரலை ஓட்டிக்கொண்டே வேகமாக வாசிப்பார்கள். வளர்ந்த பிறகு கற்றவர்களுக்கு அந்த வேகம் வருவது கடினம். போரில் கண்ணோடு கையையும் இழந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படியானால் அவர்கள் புத்தகமே படிக்கக்கூடாதா? இதற்கு விடை தேடி, செயின்ட் டன்ஸ்டன்ஸும் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமும் சேர்ந்து 1935-ல் 'பேசும் புத்தகம்' நூலகத்தைத் தொடங்கின. மெதுவாகச் சுழலும் கிராமபோன் இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம் ஓடும். முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் ஜோசப் கான்ராடின் ஒரு கடல் கதையும் இருந்தன. இன்று பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியோ புத்தகம் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பார்வை இழந்தவர்கள் தங்களுக்காகத் தேடிய வழியில்தான் இன்று உலகமே நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொருவர் கிளூத்தா மெக்கன்ஸி. நியூசிலாந்துக்காரர். அப்பா அந்த நாட்டின் பிரதமராகவே இருந்தவர். மகன் 1915 ஆகஸ்டில் கலிப்பொலி போரில் இரண்டு கண்களையும் இழந்தார். இவரும் செயின்ட் டன்ஸ்டன்ஸில்தான் பயிற்சி பெற்றார். போர் முடிவதற்குள்ளாகவே நியூசிலாந்துப் படையினருக்கான பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகிவிட்டார். ஊர் திரும்பி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். பிறகு ஆக்லாந்தில் பார்வையற்றோர் நிறுவனத்தைப் பல வருடங்கள் நடத்தினார்.

இரண்டாம் உலகப் போரின்போது கதை இந்தியாவுக்கு வருகிறது. போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் ஒரு விடுதி தொடங்கப்பட்டது. பெயர் அதே செயின்ட் டன்ஸ்டன்ஸ். அதை நடத்த வந்தவர் மெக்கன்ஸி. லண்டனில் பியர்சன் இவருக்குச் செய்ததை, இவர் டேராடூனில் பஞ்சாபிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த சிப்பாய்களுக்குச் செய்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் மத்திய அரசு அதை ஏற்று, பார்வை இழந்த வயதுவந்தோருக்கான பயிற்சி மையமாக மாற்றியது. அதுதான் வளர்ந்து இன்று தேசிய நிறுவனமாக டேராடூனில் இருக்கிறது.

தமிழ் 'க' வரைக்கும்

அந்தக் காலத்தில் இந்தியாவில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பிரெய்ல் நம் நாட்டுக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவர் தனக்குத் தோன்றியபடி ஒரு பிரெய்ல் முறையை உருவாக்கியிருந்தார்கள். ஓரிடத்தில் அச்சடித்த புத்தகம் இன்னோர் இடத்தில் உதவாது. ஏற்கெனவே புத்தகங்கள் குறைவு, அதிலும் இந்தக் குழப்பம்.

இதைச் சரிசெய்ய இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியைக் கேட்டது. அங்கே பிரெய்ல் ஆலோசகராக இருந்தவர் அதே மெக்கன்ஸி! இந்திய அரசின் கல்வி அமைச்சகத்தில் இந்த வேலையில் முன்னால் நின்றவர் லால் அத்வானி. அவரும் பார்வையற்றவர். பல கூட்டங்களுக்குப் பிறகு 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெய்ல்' ஏற்கப்பட்டது. அதே வருடம் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகமும் வந்தது.

இதன் அழகைப் பாருங்கள். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள். தமிழ்க் குழந்தை தடவிப் பார்க்கும் 'க', இந்திக் குழந்தையின் 'க', ஆங்கிலத்தின் 'கே' மூன்றுக்கும் அதே இரண்டு புள்ளிகள்தான். 'ம'வும் அப்படியே, 'ல'வும் அப்படியே. அச்செழுத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மொழிகள் விரல் நுனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தச் சங்கிலியைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். தமிழ் பிரெய்லின் இன்றைய வடிவத்துக்குப் பின்னால் மெக்கன்ஸி, அவருக்குப் பின்னால் பியர்சன். எல்லாவற்றுக்கும் அடியில், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வையை இழந்து, பதினைந்து வயதில் ஆறு புள்ளி முறையைக் கண்டுபிடித்த லூயி பிரெய்ல். பிரெய்ல் செய்த வேலையும் வேறென்ன? பார்வையற்றோர் பள்ளியில் படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியராக இருந்தார். இவர்களில் யாராவது ஒருவருடைய வீட்டு ஹாலில் உட்கார்ந்து "இனிமே இவரை யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டதோடு கதை முடிந்திருந்தால்?

இதற்கு மறுபக்கம் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு "ஆஹா, தன்னம்பிக்கை இருந்தால் போதும், எதையும் ஜெயிக்கலாம்!" என்று யாராவது ஃபார்வர்டு மெயில் தயாரித்தால் அது பெரிய தவறு.

பியர்சன் பணக்காரர். ஃப்ரேசரும் மெக்கன்ஸியும் போர் வீரர்கள். நாட்டுக்காகக் கண்ணைக் கொடுத்தவர்கள் என்பதால் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அதே பிரிட்டனில், போருக்குப் போகாமல் பார்வையை இழந்த சாதாரணத் தொழிலாளி என்ன ஆனார்? பட்டறைகளில் சொற்பக் கூலிக்குக் கூடை முடைந்துகொண்டிருந்தார். 1920-ல் சுமார் 250 பார்வையற்ற தொழிலாளிகள் நாட்டின் பல மூலைகளிலிருந்து லண்டனை நோக்கி நடந்தே போனார்கள். அவர்கள் பிடித்துச் சென்ற பேனரில் இருந்த முழக்கத்தின் பொருள் இதுதான்: எங்களுக்கு நீதி வேண்டும், தர்மம் வேண்டாம். அந்த வருடமே பார்வையற்றோருக்கான சட்டம் ஒன்று பிரிட்டனில் நிறைவேறியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் உதவி என்பது யாரோ போடும் பிச்சை இல்லை, அரசின் கடமை என்று எழுத்தில் வந்தது.

ஆகவே தன்னம்பிக்கை பேச்சு மட்டும் போதாது. பயிற்சி மையம் வேண்டும், பணம் வேண்டும், சட்டம் வேண்டும். இவை இல்லாமல் பார்வை இழந்த ஒருவரைப் பார்த்து "மத்தவங்களெல்லாம் சாதிக்கலையா?" என்று கேட்பது, "பாவம்" என்று சொல்வதை விட மோசம். முதலாவது அவரைக் குழந்தையாக்குகிறது. இரண்டாவது அவரைக் குற்றவாளியாக்குகிறது.

அதோடு பார்வை இழந்த எல்லோரும் அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சிலருக்குச் சும்மா நிம்மதியாக வாழ வேண்டும், கிரிக்கெட் கமென்டரி கேட்க வேண்டும், பேரனோடு சண்டை போட வேண்டும். அதற்கும் முழு உரிமை உண்டு. சொல்ல வருவது, உதவ விரும்புகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் காலத்திலும் அதே கதை

டெட் ஹென்டர் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது. பந்தயம் முடிந்தது. உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்றார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருட்களைப் பயன்படுத்தியபோது அவற்றின் குறைகள் தெரிந்தன. 1987-ல் கூட்டாளியோடு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 'ஜாஸ்' என்ற திரைவாசிப்பான் வந்தது. உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் அதை வைத்து ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அதன் விலை அதிகம். சாதாரண மாணவனால் வாங்க முடியாது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். அது தமிழையும் வாசிக்கும்.

நம் நாட்டில் பிறந்த டி.வி. ராமனுக்குப் பதினான்கு வயதில் கிளாக்கோமாவால் பார்வை போனது. கணிதம் படித்தார், ஐஐடி போனார், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு எதைப் பற்றி? சிக்கலான கணிதச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் காதுக்குப் புரியும்படி வாசிப்பது பற்றி! தனக்கு எது கிடைக்கவில்லையோ அதையே மற்றவர்களுக்குச் செய்துகொடுத்தார்.

இவர்கள் யாரும் 'சேவை' செய்கிறோம் என்று கிளம்பியதாகத் தெரியவில்லை. தன் தேவைக்கு வழி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த வழியைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் ஊரில் என்ன செய்யலாம்?

முதலில் ஆஸ்பத்திரி. "இனி பார்வை திரும்பாது" என்று டாக்டர் சொல்லும் அந்த நாள்தான் மிக ஆபத்தான நாள். அன்றைக்கு அந்த நோயாளியின் பக்கத்தில், ஏற்கெனவே பார்வை இழந்து வாழப் பழகிய ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும்? அவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், சமைக்கிற அம்மாவாக இருக்கலாம். "ரூபாய் நோட்டை எப்படிப் பிரிச்சு வைக்கிறீங்க? பஸ்ல எப்படிப் போறீங்க? போன் எப்படிப் பேசுது?" என்று அவரிடம்தான் கேட்க முடியும். பெரிய கண் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும். சம்பளத்தோடு! உதவி என்றாலே இலவசம் என்று நினைப்பது நம் கெட்ட பழக்கம். அவருடைய அனுபவம் ஒரு தகுதி. தகுதிக்குச் சம்பளம் உண்டு என்பது பி.காம். முதல் வருடப் பாடம்.

இரண்டாவது, வேலை. அரசு ஊழியர் ஒருவருக்குப் பார்வை போனால், வீட்டில் உடனே "வி.ஆர்.எஸ். வாங்கிடலாமா?" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பவோ, பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். 1995-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் ராஜினாமா கடிதம் எழுதிக்கொடுத்த பிறகுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. இதைப் படிக்கும் நண்பர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது என்றைக்காவது உதவும்.

மூன்றாவது, கல்லூரி. பார்வையற்ற நண்பருக்குப் பரீட்சையில் ஸ்கிரைபாகப் போவது நல்ல விஷயம், தாராளமாகப் போங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் அவர் எப்போதும் வாங்குபவராகவே இருப்பார். எல்லா பாடத்தையும் காதில் கேட்டே நினைவில் வைப்பவரிடம், தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்கள் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் அவருக்கு நன்றாக வருமென்றால் அவரிடம் போய்ச் சந்தேகம் கேளுங்கள். இரக்கத்துக்காகக் கேட்க வேண்டாம், தெரியாததற்காகக் கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஹாலுக்கே திரும்பிப் போவோம்.

உங்கள் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அங்கிளோ அப்படி உட்கார்ந்திருந்தால், ஆப்பிள் வாங்கிக்கொண்டு போங்கள், தப்பில்லை. ஆனால் சித்தியைப் பார்த்துப் பேசாதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவரிடமே பேசுங்கள். பிரெய்ல் கடிகாரம் வாங்கக்கூட வேண்டியதில்லை. அவர் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே பேசும் வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் போய் ஆன் செய்துகொடுத்தால் போதும். தொட்டால் மணி சொல்லும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், தப்புத் தப்பாக அழுத்துவார். ஒரு மாதத்தில் உங்களை விட வேகமாகப் பயன்படுத்துவார்.

அப்போது அவரிடம் சொல்லுங்கள். "சித்தப்பா, அடுத்த தெருவுல ஒருத்தருக்குப் போன வாரம்தான் ஆபரேஷன் ஆச்சு. பார்வை வரலையாம். யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாராம். நீங்க ஒரு தடவ வந்து பேசுறீங்களா?"